‘எத்தனை தடவை சொல்றது?’ என்பது கேள்வி அல்ல

“உனக்கு எத்தனை தடவைடா சொல்றது?” என்று ஆசிரியர் கேட்கிறார். “மூணு தடவை சொன்னீங்க சார்” என்கிறான் மாணவன். வகுப்பு கொல்லென்று சிரிக்கிறது. ஆசிரியரின் முகம் சிவக்கிறது. பையன் சொன்ன கணக்கில் பிழை இல்லை. கேட்டதற்குத்தான் பதில் சொல்லியிருக்கிறான். ஆனால், ‘எதிர்த்துப் பேசுகிறவன்’ என்ற பெயர் அன்றைக்கே அவனுக்கு விழுந்துவிடுகிறது. அதே பிள்ளை வீட்டில் தொலைபேசியை எடுக்கிறது. “அப்பா இருக்காரா?” என்று கேட்டவரிடம் “இருக்கார்” என்று சொல்லிவிட்டு அப்படியே நிற்கிறது. அப்பாவைக் கூப்பிடு என்பது அந்தக் கேள்வியின் சொற்களில் எங்கேயும் இல்லை. சொல்லாமலே விளங்கிக்கொள்ள வேண்டும் என்பது நம் எதிர்பார்ப்பு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்குச் சொற்கள் தெரியும், வாக்கியம் அமைக்கத் தெரியும். சொன்ன சொல்லுக்கும் சொன்னவர் மனத்தில் இருப்பதற்கும் நடுவேதான் தடுமாற்றம். அந்த இடைவெளியைக் கடப்பதைத்தான் சமூக மொழித்திறன் என்கிறோம். 2021ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் 127 பேரில் ஒருவர் ஆட்டிச நிலையில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. கொஞ்சம் பெரிய பள்ளி எதுவானாலும் அங்கே இந்த ‘மூணு தடவை’ ஒலித்துக்கொண்டுதான் இருக்கும்.

இதற்கு நாம் வைத்திருக்கும் வழி, பிள்ளையைத் தனியே அழைத்துப்போவது. வாரத்தில் ஓரிரு நாள், ஒரு ஸ்பீச் தெரபி அறை, ஒரு மேசை, சில படஅட்டைகள், எதிரே பயிற்சி பெற்ற ஒருவர். அந்தப் பணியைக் குறைசொல்வது இந்தக் கட்டுரையின் நோக்கம் அல்ல. பல பிள்ளைகளுக்கு முதல் சொல் பிறந்ததே அப்படிப்பட்ட அறைகளில்தான். ஆனால், சமூக மொழி என்று வரும்போது பாடம் நடக்கும் இடம் தவறு. பாடம் ஒருவருக்கு மட்டும் நடப்பதும் தவறு. எழுத்தும் எண்ணும் பிள்ளையின் தலைக்குள் சேரும் அறிவு. ‘எத்தனை தடவை சொல்றது?’ என்பது கேள்வி அல்ல, கண்டிப்பு என்பதோ ஓர் ஊர் தனக்குள் செய்துகொண்டிருக்கும் உடன்பாடு. உடன்பாட்டை அந்த ஊரில்தான், அந்த மனிதர்களோடுதான், அவர்கள் பேசும் தமிழில்தான் கற்பிக்க முடியும். உடன்பாடு என்பதால், புதிதாகச் சேர்கிறவருக்காக அதைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளும் பொறுப்பு மற்றவர்களுக்கும் உண்டு.

தமிழின் உடன்பாடுகள் எவ்வளவு நுட்பமானவை என்பதைத் தாய்மொழிக்காரர்கள் கவனிப்பதே இல்லை. விருந்தாளி கிளம்பும்போது “போறேன்” என்றால் வீட்டாருக்குச் சுருக்கென்கிறது. திரும்பி வரும் உத்தேசமே இல்லாவிட்டாலும் “போயிட்டு வர்றேன்” என்றுதான் சொல்ல வேண்டும். “காபி சாப்பிடுறீங்களா?” என்றால் முதல் “வேண்டாங்க” மரியாதைக்கு, இரண்டாவது தடவை சொன்னால்தான் அது மறுப்பு. கடன் கேட்டவரிடம் “பார்க்கலாம்” என்றால் பெரும்பாலும் இல்லை என்று பொருள். பையோடு போகிறவரைப் பார்த்து “என்ன, கடைக்கா?” என்று கேட்பது தகவலுக்காக அல்ல. இவை போதாதென்று, தமிழில் ஒவ்வொரு வினைச்சொல்லும் உறவைக் கணக்குப் போட்டுக்கொண்டே வருகிறது. அம்மாவுக்கு ‘வா’, அப்பாவுக்கு ‘வாங்க’ என்று பிரித்து வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். பேருந்து நடத்துநர் அண்ணனா, சாரா என்பதை டிக்கெட் வாங்குவதற்குள் முடிவுசெய்தாக வேண்டும். இந்தக் கணக்கும் ஊருக்கு ஊர் மாறுகிறது. கொங்குப் பகுதியில் ‘ங்க’ சேராத பேச்சு முரட்டுத்தனமாகப்படும். நெல்லையில் கூட்டாளிகளுக்குள் ‘ஏலே’ என்பது நெருக்கம். யாழ்ப்பாணத்திலோ ‘நீ’க்கும் ‘நீங்கள்’க்கும் நடுவே ‘நீர்’ என்று இன்னொரு படி இருக்கிறது. மற்றப் பிள்ளைகள் இவற்றை யாரும் சொல்லித்தராமலே காற்றில் பிடித்துக்கொள்கிறார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நடப்பில் எதை எடுத்துச் சொல்கிறோம்? அமெரிக்கக் கையேடுகளிலிருந்து இறங்கி வந்த பட்டியல்தான் பெரும்பாலும் கையில் இருக்கிறது: குட் மார்னிங் சொல், தேங்க் யூ சொல், எதிரே இருப்பவரின் கண்ணைப் பார். தண்ணீர் கொடுத்த அம்மாவுக்குத் தமிழ் வீட்டில் யாரும் நன்றி சொல்வதில்லை, சொன்னால் “என்னடா புதுசா?” என்பார். கண் விவகாரம் இன்னும் சிக்கல். பயிற்சி அறையில் “என் கண்ணைப் பாரு” என்று பழக்கப்படுத்தப்பட்ட பையன், தலைமையாசிரியர் திட்டும்போதும் கண்ணெடுக்காமல் பார்ப்பான். அங்கே அதற்குப் பெயர் முறைப்பு. தமிழிலேயே கற்பித்தாலும் இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. நம் மொழி எழுத்துக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று என்று இரட்டை வழக்கில் ஓடுவது. அட்டையில் அச்சாவதோ எழுத்துத் தமிழ். “நான் விளையாட விரும்புகிறேன்” என்று அட்டையைப் பார்த்துப் பழகிய பிள்ளை மைதானத்தில் அதையே சொன்னால், சேர்த்துக்கொள்வதற்குப் பதிலாக ‘செய்தி வாசிக்கிறான்’ என்று கேலிசெய்வார்கள். “டேய், நானும் வரட்டா?” என்பதுதான் அங்கே கதவைத் திறக்கும் வாக்கியம். அதை எந்த அட்டையும் கற்றுத்தருவதில்லை.

பிள்ளைகளுக்கு மட்டும் தரும் பயிற்சியின் பலன் என்ன என்பதை ஆய்வுகளும் அளந்து பார்த்திருக்கின்றன. குழுவாக நடத்தப்படும் சமூகத்திறன் பயிற்சிகள் பற்றிய 19 சமவாய்ப்புச் சோதனைகளை ஒன்றுசேர்த்து கேட்ஸ், காங், லெர்னர் ஆகிய மூவரும் 2017இல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். பயிற்சியால் பலன் உண்டு என்பதுதான் மொத்தக் கணக்கு. ஆனால், பலன் எங்கே தெரிகிறது என்று பிரித்துப் பார்த்தபோது படம் மாறியது. “எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும்” என்று பிள்ளைகளே சொன்னது கணிசமாக உயர்ந்திருந்தது. உண்மையில் அப்படி நடந்துகொள்வதாக அவர்கள் சொன்னது உயரவில்லை. பெற்றோர் சிறிதளவு மாற்றத்தைக் கண்டார்கள். ஆசிரியர்களின் மதிப்பீட்டில் மாற்றமே தென்படவில்லை. விதி மனப்பாடமாகிவிட்டது, வகுப்பறைக்கு வந்து சேரவில்லை. நீச்சலைக் கரும்பலகையில் கற்பித்துவிட்டுக் கிணற்றில் சோதித்தால் வேறென்ன கிடைக்கும்?

பாடத்தை வகுப்பறைக்கே கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தைச் சேர்ந்த கோனி கசாரியும் சக ஆய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட சோதனை அது. பொதுவகுப்பில் படிக்கும் 6 முதல் 11 வயது வரையான, ஆட்டிசம் உள்ள 60 பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். சிலருக்குப் பெரியவர் ஒருவர் நேரடியாகத் திறன்களைக் கற்பித்தார். வேறு சிலரின் விஷயத்தில் அந்தப் பிள்ளையை விட்டுவிட்டு, வகுப்புத் தோழர்கள் மூன்று பேருக்குப் பயிற்சி தந்தார்கள். தனித்து நிற்கும் ஒருவரை எப்படி விளையாட்டில் இழுப்பது, பேச்சை எப்படித் தொடங்கிக்கொடுப்பது என்பதே அந்தப் பயிற்சி. ஆறு வாரங்களில் 12 அமர்வுகள், ஒவ்வொன்றும் 20 நிமிடம். தோழர்கள் பயிற்சி பெற்ற வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் நட்பு வட்டத்துக்குள் கூடுதலாக வந்தார்கள். ‘இவன் என் கூட்டாளி’ என்று அவர்களைச் சொன்னவர்கள் பெருகினார்கள். மைதானத்தில் தனியே நிற்பது குறைந்தது. சிறிய ஆய்வுதான், வேறு நாட்டுச் சூழல்தான். ஆனால், நமக்கு உதவும் செய்தி அதில் இருக்கிறது. பாடம் தோழர்களுக்கு நடந்தபோது, பலன் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அது ஏன் என்பதற்கு நோவா சாசன் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒரு விளக்கம் தருகிறது. ஆட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் பேசும் சில நொடிக் காட்சிகளை, யார் எவர் என்று சொல்லாமல், ஆட்டிசம் இல்லாத வேறு சிலருக்குக் காட்டினார்கள். ஆட்டிசம் உள்ளவர்களோடு பழக விருப்பமில்லை என்ற தீர்ப்பு அந்தச் சில நொடிகளிலேயே வந்துவிட்டது. அதே பேச்சை எழுத்தில் மட்டும் வாசிக்கக் கொடுத்தபோது அந்த வேறுபாடு மறைந்துபோனது. சொன்ன விஷயம் யாரையும் உறுத்தவில்லை. குரலின் ஏற்ற இறக்கமும் கைகால் அசைவும்தான் உறுத்தியிருக்கின்றன. பேசுகிறவரிடம் மட்டும் குறையைத் தேடுவது எவ்வளவு பிழை என்பதை டேமியன் மில்டன் 2012இலேயே எழுதினார். அவர் ஆட்டிச நிலையில் உள்ள சமூகவியல் அறிஞர். இரு வேறு விதமாக உலகை உணர்கிறவர்கள் சந்திக்கும்போது புரியாமை இரு பக்கமும்தான் இருக்கிறது. ஆனால், குறை என்ற பெயர் சிறுபான்மைத் தரப்புக்கு மட்டும் ஒட்டிக்கொள்கிறது என்பது அவர் வாதம். நம் அரசுக் குறிப்புகள் ஆட்டிசத்தைத் தமிழில் எப்படிச் சொல்கின்றன என்று பாருங்கள்: ‘புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கம்’. கேட்ட கேள்விக்குத் துல்லியமாக ‘மூணு தடவை’ என்று பதில் சொன்னவனைப் புற உலகச் சிந்தனை இல்லாதவன் என்பது எந்த நியாயம்?

சரி, எப்படித்தான் கற்பிப்பது? முதலில், கட்டளையைக் குறைத்துக் காரணத்தைக் கூட்ட வேண்டும். கரோல் கிரே என்ற அமெரிக்க ஆசிரியை 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய ‘சமூகக் கதைகள்’ முறையின் அடிப்படை அதுதான். நிலைமையை விளக்கும் வரிகள் நிறைய இருக்க வேண்டும். இப்படிச் செய் என்னும் வரிகள் சொற்பமாக இருக்க வேண்டும். அதை நம் வீட்டுத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: “மாமா கிளம்பும்போது ‘போயிட்டு வர்றேன்’னு சொல்வாரு. அவரு நாளைக்கு வர மாட்டாரு. அடுத்த தீபாவளிக்குத்தான் வருவாரு. வெறுமனே ‘போறேன்’னு சொன்னா, இனிமே வரவே மாட்டாங்களோன்னு சிலருக்கு மனசு கஷ்டப்படும். அதனாலதான் இப்படிச் சொல்றாங்க. நானும் சொல்லிப் பார்க்கலாம்.” ஆறு வரியில் ஒரே ஒரு யோசனை, மற்றதெல்லாம் விளக்கம். இது பொய் அல்லவா என்ற குழப்பம் பிள்ளைக்கு வராது; எதற்காகச் சொல்கிறோம் என்பது புரிந்தே சொல்லும். இந்தக் கதையை எழுத வெளிநாட்டுப் பட்டம் தேவையில்லை. அந்த வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்த அம்மாவோ பாட்டியோ, ஒரு சிறப்பாசிரியரின் துணையோடு எழுதிவிடலாம்.

இரண்டாவதாக, பிள்ளை ஏற்கெனவே பேசிக்கொண்டிருப்பதைப் பேச்சாக ஏற்க வேண்டும். தாகம் எடுத்த பிள்ளை அம்மாவிடம் வந்து “தண்ணி வேணுமா?” என்று கேட்கிறது. அம்மா தினமும் கேட்கும் வாக்கியத்தை அதே ராகத்தில் திருப்பிச் சொல்கிறது. லியோ கானர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய, ஆட்டிசத்தை முதன்முதலில் விரிவாக விவரித்த கட்டுரையிலேயே இந்த எதிரொலிப் பேச்சு இடம்பெற்றிருக்கிறது. நெடுங்காலம் இதைப் பொருளற்ற கிளிப்பேச்சு என்று கருதி நிறுத்தப் பார்த்தார்கள். பாரி பிரிசான்டும் ஜூடித் டுச்சனும் 1981இல் வெளியிட்ட ஆய்வு, கேட்பது, ஒப்புக்கொள்வது, முறை வைத்துப் பேசுவது என்று இந்த எதிரொலிக்குப் பல பயன்கள் இருப்பதைக் காட்டியது. “தண்ணி வேணுமா?” என்பதற்கு “அப்படிச் சொல்லக் கூடாது” என்பது பதில் அல்ல. “தண்ணி வேணும்” என்று பிள்ளையின் இடத்தில் நின்று ஒருமுறை சொல்லிக்காட்டி, டம்ளரைக் கொடுத்துவிடுவதே பதில். கேட்டது கிடைத்தது என்ற அனுபவத்திலிருந்துதான் அடுத்த வாக்கியம் முளைக்கும். மூன்றாவதாக, வகுப்புத் தோழர்களுக்கும் பாடம் வேண்டும். ‘அவன் காதைப் பொத்திக்கொண்டால் சத்தம் தாங்கவில்லை என்று அர்த்தம், அவனிடம் சுற்றி வளைக்காமல் நேராகக் கேள், பதில் வர ஐந்து நொடி பொறு.’ இதைச் சொல்லித்தர ஒரு பாடவேளை போதும்.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும். வகுப்பு மாறலாம், உலகம் மாறுமா? நாளை நேர்முகத் தேர்வில் அமர்பவரும் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரும் எந்தப் பயிற்சியும் பெற்றவர்கள் அல்லவே. பிள்ளைதானே பழகிக்கொள்ள வேண்டும்? பெற்றோரின் இந்தக் கவலை நியாயமானது; உலகின் விதிகளை மறைத்துவைப்பது பிள்ளைக்குச் செய்யும் உதவி அல்ல. அதனால்தான் விதிகளைக் கற்பிக்க வேண்டாம் என்று இங்கே வாதிடவில்லை. தெரிந்துகொள்வதும் வேறு, நாள் முழுக்க நடிப்பதும் வேறு. சாரா காசிடி குழுவினர் பிரிட்டனில் ஆட்டிச நிலையில் உள்ள பெரியவர்களிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், தம் இயல்பை மறைத்து மற்றவர்போல் காட்டிக்கொள்வது தற்கொலை எண்ணங்களோடு தொடர்புள்ள காரணிகளில் ஒன்றாகத் தெரியவந்தது. ஒன்று மற்றதற்குக் காரணம் என்று இதை வைத்து மட்டும் அறுதியிட முடியாது. எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள இது போதும். கண்ணைப் பார்ப்பது வேதனை தருகிறது என்றால், “நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், கண்ணைப் பார்த்தா எனக்குப் பேச வராது” என்று சொல்லக் கற்றுக்கொடுப்பதும் சமூக மொழித்திறன்தான். அந்த வாக்கியம் பொய்ப் பார்வையைவிட நேர்முகத் தேர்விலும் நெடுந்தூரம் போகும். உலகம் மாறாது என்கிறோம். பத்தாண்டு கழித்து அந்த நேர்முகத் தேர்வை நடத்தப்போகிறவர், இன்று அதே வகுப்பில் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைதானே.

அடுத்த மறுப்பு ஆசிரியர்களிடமிருந்து வரும். நாற்பது பேர் வகுப்பு, பாடத்திட்டம், பதிவேடு, இணையத்தில் ஏற்ற வேண்டிய விவரங்கள். இதில் ஒரு பிள்ளைக்காகப் பேச்சை மாற்றிக்கொள்ள நேரம் எங்கே? சுமை உண்மைதான், அதை ஆசிரியரின் தனிப்பட்ட கருணைக்கு விட்டுவிடுவதும் தவறுதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 ஆட்டிசத்தைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளும் இல்லாத பிள்ளைகளும் சேர்ந்து படிப்பதோடு, கற்பிக்கும் முறையும் அவரவர் தேவைக்கேற்பத் தகவமைய வேண்டும் என்பதே உள்ளடக்கிய கல்விக்கு அந்தச் சட்டம் தரும் பொருள். 2021இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதைத் தொடர்ந்து, சிறப்பாசிரியர் விகிதம் தொடக்க வகுப்புகளில் மாற்றுத்திறன் உள்ள 10 மாணவருக்கு ஒருவர், அதற்கு மேல் 15 மாணவருக்கு ஒருவர் என்று 2022இல் ஒன்றிய அரசு அறிவித்தது. அந்த இடங்களை நிரப்புவது அரசின் கடமை. நிரப்பிய பிறகும், சிறப்பாசிரியரை வட்டார வள மையத்தில் தனி வகுப்பு எடுப்பவராகவே வைத்திருந்தால் கேட்ஸ் குழுவினர் கண்ட முடிவுதான் இங்கேயும் கிடைக்கும். அவர் வகுப்பறைக்குள் வர வேண்டும்; ஆசிரியரோடும் தோழர்களோடும் வேலை செய்ய வேண்டும். ஆசிரியர் செய்ய வேண்டிய மாற்றமும் மலையளவு அல்ல. “நோட்டு எங்கேன்னு பார்க்கலாமா?” என்பதை “நோட்டை எடு” என்று மாற்றுவதற்குக் கூடுதல் நேரம் பிடிக்காது, சொல்லப்போனால் மிச்சமாகும். சுற்றிவளைக்காத கட்டளை, பலகையில் எழுதிய வரிசை, முன்கூட்டியே சொன்ன மாற்றம் இவை மூன்றும் வகுப்பின் மற்றப் பிள்ளைகளுக்கும் தீங்கு செய்யப்போவதில்லை.

மூன்றாவது மறுப்பு மொழியைப் பற்றியது. பள்ளியில் ஆங்கிலம், செல்பேசியில் ஆங்கிலம். இதில் வீட்டில் தமிழும் என்றால் பிள்ளை குழம்பாதா, ஒரே மொழியாக ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டால் என்ன என்று பெற்றோர் கேட்கிறார்கள். அப்படி ஆலோசனை சொல்வோரும் இருக்கிறார்கள். ஹாம்ப்ளியும் ஃபோம்போனும் கனடாவில் ஆட்டிசம் உள்ள 75 குழந்தைகளை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட முடிவு, இரு மொழிச் சூழலில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அதனால் கூடுதல் மொழித் தாமதம் எதுவும் இல்லை என்பதே. மொழியைக் குறைத்தால் சுமை குறையும் என்பது ஊகம். ஆட்கள் குறைவார்கள் என்பது நிச்சயம். ஆங்கிலம் மட்டும் அறிந்த பிள்ளை பாட்டியோடும் பால்காரரோடும் எதிர்வீட்டுப் பிள்ளைகளோடும் எதைப் பேசும்? வாயால் பேசாத பிள்ளைகளுக்கும் இதே நியாயம் பொருந்தும். படத்தைத் தொட்டால் குரலாக ஒலிக்கும் ‘ஆவாஸ்’ செயலி சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கியது, தமிழிலும் கிடைக்கிறது. அதில் ‘தண்ணீர்’, ‘வலி’, ‘கழிவறை’ என்ற தேவைச் சொற்களோடு “டேய்”, “சும்மா சொன்னேன்”, “எனக்கு அது பிடிக்கலை”, “போயிட்டு வர்றேன்” ஆகியவற்றையும் ஏற்றிவைக்க வேண்டும். கேட்பதற்கு மட்டும் அல்ல, கேலிக்கும் மறுப்புக்கும் விடைபெறுதலுக்கும் அந்தப் பிள்ளைக்குக் குரல் வேண்டும்.

ஆக, செலவு அதிகம் இல்லாத மாற்றங்கள் இவை: சிறப்பாசிரியரின் வேலைநேரத்தில் பாதியாவது பொதுவகுப்புக்குள் கழிய வேண்டும், பயிற்சிப் பொருள்கள் அந்தந்த வட்டாரப் பேச்சுத் தமிழில் வீட்டாரோடு சேர்ந்து உருவாக வேண்டும், ஆசிரியர் பயிற்சியில் தம் பேச்சைத் தாமே கேட்டுப்பார்க்கும் ஒரு பாடம் இருக்க வேண்டும், தோழர்களுக்கான பாடவேளை ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் ஒதுக்கப்பட வேண்டும். இவை நடந்த வகுப்பிலும் ஆசிரியருக்கு ஒருநாள் பொறுமை போகத்தான் செய்யும். “எத்தனை தடவைடா சொல்றது?” என்று வாய்தவறி வந்தும்விடும். “மூணு தடவை சொன்னீங்க சார்” என்று பதிலும் வரும். அப்போது சிரிப்பதற்கு யாரும் இல்லை. “சரி, வாயால சொன்னது போதும்” என்று அவர் சாக்பீஸை எடுத்து, செய்ய வேண்டியதைப் பலகையில் வரிசையாக எழுதுகிறார். பையன் படித்துவிட்டு வேலையைத் தொடங்குகிறான்.